ஒப்படைக்கும் இடம்

அன்றைய பட்டியலில் இருந்த வண்டிகளில் ஒன்றை மட்டும் ஏற்றியது சங்கீதா இல்லை.

ஆன்லைனில் ஆடும் ஒரு கார் விளையாட்டில் தினமும் சில வண்டிகளைத் தேடிப் பிடித்துத் துறைமுகத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கும் என்று தெரியாமல் ஆடுகிறவர்கள் சுற்றிச் சுற்றி அலுத்துப்போவார்கள். அவர்களுக்காக அவள் ஒரு இணையதளம் செய்திருந்தாள். வண்டியின் பெயரைத் தட்டினால் அதன் படமும், நிற்கும் இடமும், ஒப்படைக்கும் இடமும் வரும். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைப் பார்த்து ஆடினார்கள். ஒவ்வொரு வரியும் அவள் கையால் ஏற்றியது.

சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, பச்சைப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தளத்தைத் திறந்தபோது, கடைசி வரியில் ஒரு வெள்ளை வேன் இருந்தது. மாளிகைகளும் கடற்கரையுமாக விரியும் அந்த விளையாட்டின் வெளிநாட்டு நகரத்தில் அப்படி ஒரு வேன் கிடையாது. இடது பக்கம் நசுங்கியிருந்தது. பின் கண்ணாடியில் கோணலாக ஒரு மயில் ஸ்டிக்கர். ஒட்டியதே அவள்தான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் அவள் கணவன் கதிர்வேலின் வேன் அது.

நிற்கும் இடம், தென்னேரி ஏரிக்கரை.

தளத்தின் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவன் சாமுவேல், கல்லூரியில் அவளுக்கு இளையவன், ஐயம்பேட்டைக்காரன். போன் போட்டாள்.

"இன்னா சாமுவேலு, விளையாடறியா? எங்க வேன எதுக்கு ஏத்தின?"

"எந்த வேனுக்கா? நான் இன்னிக்கு அதத் தொறக்கவே இல்ல." தளத்தைத் திறக்கத் தட்டும் ஓசை கேட்டது. பார்க்கிறான் போலிருந்தது. "அக்கா, இது போட்டோவாக்கா?"

"ஏன்?"

"ஓடிக்கினு இருக்குதேக்கா."

அவள் திரையைப் பார்த்தாள். வேன் அப்படியேதான் நின்றது. ஆனால் சற்று முன் அதன் வலப்பக்கம் இருந்த பனைமரம் இப்போது இல்லை. பின் விளக்கின் சிவப்பு ஏரித் தண்ணீரில் நீண்டு கிடந்தது. போனை வைத்துவிட்டு அந்த வரியை அழித்தாள். பக்கத்தைப் புதுப்பித்ததும் வரி திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள், மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் படத்தில் இருட்டு கூடிக்கொண்டே போயிற்று. பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காதில் விழுந்து விழுந்து கேட்காமலே போய்விட்ட அந்தச் சத்தம், இப்போது ஒவ்வொரு அடியும் பிடரியில் விழுவதுபோல் கேட்டது. எழுந்து தண்ணீர் குடித்தாள். டம்ளரில் பாசி வாடை. சொம்பை மோந்தாள், குடத்தை மோந்தாள், அங்கெல்லாம் இல்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த வாடை மடிக்கணினிப் பக்கமிருந்துதான் வந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"தென்னேரியில கடைசி ஆள எறக்கிட்டு வந்துக்கினு இருக்கேன்மா. ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன், இரு." குரலில் களைப்பு. "சங்கீதா, இந்த ஏரி இவ்ளோ நீளமா? ஓட்டிக்கினே இருக்கேன், கரை முடியவே மாட்டேங்குது."

"வண்டிய நிறுத்துங்க."

"நிறுத்துனா நிக்கலமா."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

திரையில் அந்த வரி பச்சையாகியிருந்தது. பிடித்தாகிவிட்டது என்று பொருள். யார் பிடித்தது? அப்போதுதான் ஒப்படைக்கும் இடம் என்ற கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். எல்லா வண்டிக்கும் துறைமுகம் என்றிருக்கும் இடத்தில், இந்த வேனுக்கு மட்டும் வேறு இருந்தது. பிள்ளையார்பாளையம். தெருப் பெயர். கதவு எண்.

அவள் வீடு.

தறிச் சத்தம் நின்றது.

வாசலில் வேன் வந்து நிற்கும் ஓசை. அந்த பிரேக்கின் கிறீச்சை ஆயிரம் வண்டிகளுக்கு நடுவிலும் அவள் அடையாளம் சொல்வாள். போனைக் காதில் வைத்தபடியே ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். "அப்பாடா. வந்துட்டீங்களா?"

"எங்க வந்தேன்? ஓட்டிக்கினு தான் இருக்கேன்."

வாசலில் வேன் நின்றது. முகப்பு விளக்குகள் எரிந்தன. மேலெல்லாம் தண்ணீர் சொட்டியது, கதவிடுக்கில் பாசி. தெருவில் ஒரு ஆள் இல்லை. டிரைவர் சீட்டைப் பார்த்தாள்.

காலி.

ஆனால் சீட்டு அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

"இப்ப ஒரு வளைவு வருதும்மா," என்றது போன்.

ஸ்டியரிங் மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. தானாக. பிறகு நேரானது. வேன் அசையவில்லை.

"ஹாரன் அடிங்க," என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் முன்னால் ஹாரன் அலறியது.

"ஏங்க, இறங்கிடுங்க. கதவத் தொறந்து குதிச்சிடுங்க!"

"இரு, இரு. நடு ரோட்ல யாரோ நிக்கிறாங்க." அவன் குரல் மாறியது. "ஒரு பொம்பள. போன காதுல வச்சிக்கினு... ஏம்மா, தள்ளு! தள்ளும்மா!"

அவள் கால்கள் நகரவில்லை. விளக்கொளியில் கண் கூசியது. ஸ்டியரிங் இடமும் வலமுமாகத் துடித்தது. வேன் நின்ற இடத்திலேயே நின்றது.

போனில் ஒரு சத்தம். கனமாக. ஈரமாக.

பிறகு அவன் அழுகை.

"சங்கீதா... யார் மேலயோ ஏத்திட்டேன்மா. பச்சைப் புடவை. உன்னுது மாதிரியே இருக்குது. மூஞ்சியப் பாக்க பயமா இருக்குதுமா... சங்கீதா? கேக்குதா? பேசுமா."

பேச வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. எதிரே வேனின் முன் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்து, மெல்ல, மிக மெல்ல, நான்கு பக்கமும் விரிந்துகொண்டிருந்தது.