வராத ரயிலின் முதல் பயணி

மார்னிக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அன்று வகுப்பில் அவளுடைய இரண்டு காதுகளும் துறைமுகத்து வாட்டர் தெருச் செங்கல் கட்டடங்களைப் போலச் சிவந்து கிடந்தன.

எல்லாம் குயின்டனால் வந்தது. அவன் டகோமா நகரத்துப் பையன். அப்பாவுக்கு இந்த ஊரான போர்ட் டவுன்சென்ட்டின் காகித ஆலையில் வேலை மாற்றலாகி வந்ததால், சமீபத்தில்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்திருந்தான்.

ஆப்சால் டீச்சர் ஊர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம துறைமுகத்துல பாய்மரக் கப்பல் வரிசையா நின்ன காலம் அது. திடீர்னு ஒரு பேச்சு கிளம்பிச்சு, ஊருக்கு ரயில் வரப்போகுதுன்னு. அவ்வளவுதான்! பேங்க் கட்டினாங்க, ஹோட்டல் கட்டினாங்க. மேட்டு மேல கோபுரம் வெச்ச வீடா கட்டித் தள்ளினாங்க."

"ரயில் வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டான் குயின்டன்.

"வெளியூரோட நம்மளைச் சேர்க்கிற ரயில் வரவே இல்லப்பா. பணம் வத்திப்போச்சு. ஜனம் மூட்டை கட்டிடுச்சு. பாதிக் கட்டடத்துல மேல்மாடி பூசாமலே கிடந்துச்சு."

"எங்க டகோமாவுக்கு வந்துச்சு," என்றான் குயின்டன். "அப்போ, விருந்தாளி வராங்கன்னு கேக்கெல்லாம் செஞ்சு வெச்சுட்டு, வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்த கதைதானா இந்த ஊருக் கதை?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே பள்ளி ரோஜாக்களை மேய்ந்துகொண்டிருந்த மான்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மார்னி சிரிக்கவில்லை. அவளுடைய வீடும் கோபுரம் வைத்த பழைய வீடுதான். ரயிலை நம்பிக் கட்டிய வீடு.

மணி அடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெலியாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் சிரிச்சல்ல?"

"சிரிக்காம என்னடி பண்றது?" என்றாள் டெலியா. அவள் கிளாலம் இனத்துப் பெண். அந்தக் கடற்கரையில் முதலிலிருந்தே இருப்பவர்கள் அவர்கள்தான். "நீங்கல்லாம் ரயில் வரும் வரும்னு உட்கார்ந்திருந்தீங்க. எங்க ஆளுங்க அப்பவும் தோணியில போய்க்கிட்டும் வந்துக்கிட்டும்தான் இருந்தாங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மார்னி சட்டென்று நின்றாள். "அப்போ தோணியையும் ரயிலையும் சேர்த்துட்டா?"

"என்னது?"

"பொறிவண்டிப் போட்டிக்கு நாம ரயில் செய்யறோம். இந்த ஊருக்கு ரயில் வரலைன்னு இனிமே எவனும் சொல்லக் கூடாது."

பொறிவண்டிப் போட்டி ஊரில் இலையுதிர் காலத்தில் நடக்கும். எஞ்சின் கூடாது. மிதித்தோ, துடுப்புப் போட்டோ, தள்ளியோதான் வண்டியை நகர்த்த வேண்டும். வண்டி தெருவில் ஓட வேண்டும், துறைமுகத்தில் மிதக்க வேண்டும், கரையேறிச் சேற்றுத் திடலைத் தாண்டி, திரும்பவும் வாட்டர் தெருவுக்கு வந்து சேர வேண்டும். வெளியாள் யாரும் தொடக்கூடாது. போட்டியாளர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாம்.

இதில் முதலில் வருபவருக்கு ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். பெரிய கோப்பை நடுவில் வருபவருக்கு! "முன்னால ஓடறதுக்குக் கால் இருந்தா போதும், நட்டநடுவுல வரணும்னா மூளை வேணும்" என்பார்கள் ஊரில். நட்டநடுக் கோப்பையை வாங்கியவர்கள் அதைச் சாகும்வரை ஜன்னலில் வைத்திருப்பார்கள்.

மார்னியின் அம்மா படகுத் துறையில் மரப்படகு கட்டுபவர். இருவரும் போய் நின்றதும் அவர் உளியைக் கீழே வைத்தார்.

"மிச்சப் பலகை எடுத்துக்கோங்க. அந்த நீலப் பீப்பாய்களையும் எடுத்துக்கோங்க. யோசனை மட்டும் கேக்கக் கூடாது. அது உங்களோடதா இருக்கணும்."

இரண்டு பழைய சைக்கிள்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்தார்கள். மேலே மெல்லிய பலகையை வளைத்து எஞ்சின் உடம்பு செய்தார்கள். உடைந்த அடுப்புக் குழாய் புகைபோக்கி ஆனது. சக்கரக் கம்பிகளில் தண்ணீரைத் தள்ளச் சிறு பலகைகளைச் செருகி, அடியில் பீப்பாய்களைக் கட்டி, படகுத் துறைச் சரிவில் இறக்கிப் பார்த்தார்கள்.

ரயில் அழகாக மிதந்தது. பிறகு அழகாகக் குப்புறக் கவிழ்ந்தது.

தண்ணீரிலிருந்து எழுந்த மார்னியின் தலையில் கடற்பாசி தொங்கியது. சரிவின் மேலே யாரோ நிற்பதைப் பார்த்தாள். குயின்டன்! கையில் ஒரு பழைய சைக்கிள் சக்கரத்துடன் நின்றிருந்தான்.

"ரயில் தடம் புரண்டுருச்சா?" என்று கேட்டுவிட்டு அவன் நடந்தான்.

"திமிர் பிடிச்சவன்!" என்று பல்லைக் கடித்தாள் மார்னி. "டெலியா, திரும்ப ஏத்து."

"திரும்பவும் கவிழும்."

"திரும்பத் திரும்ப ஏத்துவோம்."

டெலியா ஈரச் சட்டையைப் பிழிந்தபடி ரயிலைச் சுற்றி வந்தாள். "எல்லாப் பாரமும் மேல இருக்கு, பீப்பாய் எல்லாம் நடுவுல இருக்கு. அதான் உருளுது. பீப்பாயை வெளியே தள்ளி அகலமாக் கட்டு. அலையில நிக்கறப்போ காலை அகட்டித்தானே நிப்போம்?"

அகலமாகக் கட்டினார்கள். இன்னும் இரண்டு முறை கவிழ்ந்தது. மூன்றாவது முறை கவிழவில்லை.

போட்டி நாளன்று ஊர் முழுக்கத் தெருவில் இருந்தது. பாதிப் பேர் அந்தக் காலத்து உடுப்பில் வந்திருந்தார்கள். ஆப்சால் டீச்சர் பின்புறம் புடைத்த நீளப் பாவாடையும் இறகு வைத்த தொப்பியும் அணிந்து, கையில் ஒலிபெருக்கியுடன் மேடையில் நின்றார். அவர்தான் அறிவிப்பாளர்.

டிராகன், பறக்கும் அடுப்பு, ராட்சசக் காலணி என்று பதினேழு வண்டிகள் வந்திருந்தன. கடைசியில் ஒரு நண்டு நின்றது. சாய்வு நாற்காலிக்கு மூன்று சக்கரம் மாட்டி, அடியில் மிதவை கட்டி, அட்டையில் இரண்டு பெரிய கொடுக்கு வைத்திருந்தது. உள்ளே குயின்டன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"கூட யாருமில்லையா அவனுக்கு?" என்றாள் டெலியா.

"வாயைத் திறந்தா யாரு சேருவா?" என்றாள் மார்னி.

விசில் ஒலித்தது. வண்டிகள் கடகடவென்று கிளம்பின.

தெருவில் ரயில் நன்றாக ஓடியது. துறைமுகத்தில் காற்று எதிரே அடித்தது. டெலியா பின்னால் நின்று துடுப்பால் திசை பிடிக்க, மார்னி மூச்சு வாங்க மிதித்தாள். ஒரு கடல்நாய் தலையை நீட்டி, புகைபோக்கியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு மூழ்கிப்போனது. முன்னால் போன பறக்கும் அடுப்பு பாதி வழியில் பறக்காமல் மூழ்கியது. அதை ஓட்டியவர் சிரித்துக்கொண்டே கரைக்கு நீந்தினார்.

கரையேறியதும் டெலியா கத்தினாள். "மார்னி! முன்னால ஒன்பது வண்டி. பின்னால ஏழு, மூழ்கினதையும் சேர்த்து. இன்னும் ஒண்ணைத் தாண்டினா நாம நட்டநடுவுலடி! இப்படியே போனா கோப்பை நமக்குத்தான்!"

 கோபுர ஜன்னலில் கோப்பையை எங்கே வைப்பது என்றுகூட மார்னி முடிவு செய்துவிட்டாள்.

எதிரே சேற்றுத் திடல் வந்தது. அதன் நடுவில் நண்டு நின்றது.

நீரில் எல்லோரையும் முந்திப் போன குயின்டன் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தான். முன்சக்கரம் அச்சுவரை புதைந்திருந்தது. ராட்சசக் காலணி அவனைத் தாண்டிப் போனது. "நண்டுக்குச் சேறுதானே வீடு, சௌகரியமா இருப்பா!" என்று அதிலிருந்து ஒருவர் கத்தினார். வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். தோற்ற வண்டிகளை இழுத்துப் போகும் டிராக்டர் உறுமத் தொடங்கியது.

ரயிலைப் பீப்பாய்கள் புதையவிடவில்லை. ஓரமாக வழுக்கிக்கொண்டு தாண்டியது.

குயின்டன் அவர்களைப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. முழங்கால்வரை சேற்றில் நின்று, இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றித் தோண்டினான். தோண்டத் தோண்டச் சேறு மூடியது. அவன் மறுபடியும் தோண்டினான்.

மார்னியின் கால் மிதிப்பதை நிறுத்தியது.

"என்னாச்சு? மிதி!" என்றாள் டெலியா.

"அவனை விட்டுட்டுப் போக முடியாது."

"கோப்பை போயிரும்டி!"

"தெரியும்."

"உன்னைக் கேலி பண்ணினவன் அவன்!"

"அதுவும் தெரியும். இப்பவும் கோபமாத்தான் இருக்கு. கயித்தை எடு."

டெலியா ஒரு கணம் அவளுடைய காதுகளைப் பார்த்தாள். இரண்டும் சிவந்துதான் இருந்தன. பெருமூச்சு விட்டுக்கொண்டு கயிற்றை எடுத்தாள்.

மார்னி சேற்றில் இறங்கி, பொத் பொத்தென்று நடந்து வந்ததைப் பார்த்ததும் குயின்டன் நிமிர்ந்தான். அவன் மூக்கு நுனிவரை சேறு.

"சிரிக்க வந்தியா?"

"சிரிக்கறதுக்கு இவ்வளவு தூரம் சேத்துல நடப்பாங்களா? கயித்தைப் பிடி."

முன்னால் கட்டி இழுத்தார்கள். நண்டு இன்னும் ஆழமாக மூக்கைப் புதைத்தது. இன்னொரு முறை இழுத்தார்கள். அசையவில்லை. அதற்குள் இரண்டு வண்டிகள் தாண்டிப் போயின.

மார்னி இடுப்பில் கை வைத்து யோசித்தாள். முன்னால் இழுக்க இழுக்க, சக்கரம் தான் தோண்டிய குழியிலேயே முட்டிக்கொள்கிறது. குழியின் பக்கச் சுவர்தான் தாழ்வாக இருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாம எல்லாருமே முட்டாளுங்க. நண்டு என்னைக்கு நேரா நடந்திருக்கு? பக்கவாட்டுல இழு!"

கயிற்றை நாற்காலியின் கைப்பிடியில் மாற்றிக் கட்டினாள். மூவரும் பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தார்கள். சேறு 'ப்ளக்' என்று ஒரு பெரிய முத்தம் கொடுத்துவிட்டு நண்டை விட்டது. மூவரும் மல்லாந்து விழுந்தார்கள். வேலியோரம் இப்போது வேறு மாதிரிச் சிரிப்பு எழுந்தது. கைதட்டலும் கேட்டது.

ஆனால் நண்டின் முன்சக்கரம் சேற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது.

குயின்டன் சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தான். "நீங்க போங்க. என்னை டிராக்டர் இழுத்துக்கும்."

"எடுத்ததைப் பாதியில விடற பழக்கம் எனக்குக் கிடையாது," என்றாள் மார்னி. "பின்சக்கரம் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? முன்பக்கத்தைத் தூக்கி எங்க ரயில் மேல வெச்சுக் கட்டிடலாம். ரயில்னு இருந்தா அதுக்குப் பெட்டி வேணாமா?"

"நானும் இறங்கித் தள்றேன்."

"பயணி எங்கயாவது ரயிலைத் தள்ளுவானா? ஏறி உட்காரு."

"உட்கார மாட்டேன், தள்ளுவேன்."

"சரியான பிடிவாதக்காரன்," என்றாள் மார்னி.

டெலியா விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு யாரைப் பார்த்துச் சொல்றதுன்னு இல்லையா?"

சேற்றைத் தாண்டும்வரை அவன் தள்ளினான். தெரு வந்ததும் இருவரும் வற்புறுத்தி நாற்காலியில் ஏற்றினார்கள். ரயில் மெதுவாக, மிக மெதுவாக ஊர்ந்தது. மீதி வண்டிகளும் ஒவ்வொன்றாக முந்திப் போய்விட்டன. காற்றில் காகித ஆலையின் வாடை வந்தது.

"உவ்வே," என்று மூக்கைப் பிடித்தாள் டெலியா.

"எங்க டகோமா மில்லும் இப்படித்தான் நாறும்," என்றான் குயின்டன். பிறகு மெல்லிய குரலில் சொன்னான். "இந்த ஊருல எனக்குப் பழகினதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

மார்னி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காதுகள் மெல்ல ஆறிப்போயின.

"அன்னைக்கு வகுப்புல," என்று இழுத்தான் அவன். "எல்லாரும் சிரிச்சா பேச வருவாங்கன்னு நெனச்சேன். சிரிச்சாங்க. ஆனா யாரும் வரலை."

"கேக் செஞ்சு வெச்சுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தியாக்கும்?" என்றாள் மார்னி.

குயின்டன் திடுக்கிட்டான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த வேகத்தில் ஒரு கொடுக்கு கழன்று தெருவில் விழ, டெலியா ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

வாட்டர் தெருவில் கூட்டம் கலைந்திருந்தது. ஜனங்கள் சிப்பி சூப் குடிக்கக் கடைகளுக்குள் போய்விட்டார்கள். நட்டநடுக் கோப்பையை ராட்சசக் காலணிக்காரர்கள் ஏற்கெனவே வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மார்னி கோப்பையை ஒரு முறை பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டு, இன்னும் அழுத்தி மிதித்தாள்.

மேடையிலிருந்து இறங்கப்போன ஆப்சால் டீச்சர், தெருக்கோடியில் வளைந்த புகைபோக்கி ஒன்று வருவதைப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். அதன் பின்னால் கட்டிய பெட்டியையும், அதில் உட்கார்ந்திருந்தவனையும் பார்த்தார். உடனே தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியை எடுத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! டகோமாவிலிருந்து போர்ட் டவுன்சென்ட் நோக்கி வரும் ரயில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலான தாமதத்துக்குப் பிறகு, இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்!"

 கதவுகள் படபடவென்று திறந்தன. சூப் கிண்ணத்தோடும் கரண்டியோடும் ஜனங்கள் வெளியே ஓடி வந்தார்கள். பழைய ஹோட்டலின் மேல்மாடி ஜன்னல்களிலிருந்து கைக்குட்டைகள் ஆடின. யாரோ தொப்பியை மேலே எறிந்தார்கள்.

"வந்துருச்சுடா ரயிலு!" என்று ஒருவர் கத்த, தெரு முழுக்க அதையே கத்தியது.

கூட்டத்தில் மார்னியின் அம்மா நின்றிருந்தார்.  ரயில் தாண்டும்போது பீப்பாய் கட்டியிருந்த முடிச்சைக் குனிந்து பார்த்தார்.

ரயில் மேடைக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது. நின்ற வேகத்தில் புகைபோக்கி சாய்ந்து விழுந்தது. அதற்கும் பெரிய கைதட்டல் கிடைத்தது. அம்மா வந்து மகளின் சேற்றுத் தலையில் கை வைத்தார்.

"தம்பி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குறும்புக் குரல் வந்தது. "டகோமாவுக்குத் திரும்பற ரயில் எத்தனை மணிக்கு?"

குயின்டன் நசுங்கிய சக்கரங்களைப் பார்த்தான். டெலியாவைப் பார்த்தான். மார்னியைப் பார்த்தான்.

"திரும்பற ரயிலெல்லாம் கிடையாதுங்க," என்றான். "நான் இங்கேதான் இறங்கணும்."

சொல்லிவிட்டு, சேறு சொட்டச் சொட்டத் தெருவில் குதித்து இறங்கினான்.