முப்பது மீட்டர்

எட்டு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில், ஓட்டுநர் இல்லாத தன்னோடி வாசலில் வந்து நின்றது. சங்கமித்ரா செருப்பை மாட்டுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு, "இன்னும் நாற்பது நொடி, டாக்டர்" என்றது. கோவைப்புதூரிலிருந்து ரேஸ்கோர்ஸில் இருக்கும் அவளுடைய பல் மருத்துவமனைக்கு நாற்பத்தொரு நிமிடம். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கோவையில் ஓடும் எட்டு லட்சம் தன்னோடிகளில் எது எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று, ஊர்ப் போக்குவரத்தை நடத்தும் இயந்திர மூளையான வழிமதி முந்தைய நாளே திட்டம் போட்டு வைத்துவிடும். விபத்து என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அன்று ஆத்துப்பாலத்தில் கூட்டம். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு நொய்யல் இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் புரண்டுகொண்டு போனது. நடந்து வந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். யாரோ தண்ணீருக்குப் பூப்போட்டார்கள்.

"இங்க ரெண்டு நிமிஷம் நிறுத்து" என்றாள் சங்கமித்ரா.

"பாலத்தில் உங்களுக்கு நிறுத்தம் இல்லை, டாக்டர். நீங்கள் இறங்கினால் பின்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு பயணங்கள் தாமதப்படும். ஆற்றைத் திரையில் காட்டட்டுமா?"

அது கேட்டு முடிப்பதற்குள் பாலம் பின்னால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் நடந்தே போய்ப் பார்த்தபோது வெள்ளம் வடிந்து, பாறைகளின் இடுக்கில் பிளாஸ்டிக் பைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தவள் கணவர் பரணீதரனிடம் கேட்டாள். "ஏனுங்க, எங்கப்பாவோட காரை எடுத்துட்டு வரலாமுங்களா?"

அது ஒரு மாருதி எண்ணூறு. வெள்ளை. அவள் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்னால் வாங்கியது. பள்ளிக்கூடம், கல்யாண வீடு, கொடைக்கானல், ஆஸ்பத்திரி என்று அந்தக் குடும்பம் போன இடமெல்லாம் அதில்தான் போனது. பதினெட்டு வயதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். மனிதர் ஓட்டுவது வழக்கொழிந்த பிறகு அன்னூரில் சித்தப்பா தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தினார்கள். நாற்பது வருடமாக அதன்மேல் தேங்காய் மட்டைதான் அடுக்கியிருந்தது.

பரணீதரன் பம்ப்செட் வடிவமைப்புப் பொறியாளராக இருந்தவர். பம்ப்புகள் தங்களைத் தாங்களே வடிவமைத்துக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து ஆறு வருடமாக வீட்டில் இருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவருக்கு இந்தக் கேள்வி காதில் தேனாக விழுந்தது.

"பாலிஷ் போட்டு முன்னால நிறுத்திக்கலாம். பாக்க அழகா இருக்கும்" என்றார்.

"அழகுக்கு வேண்டாமுங்க. தினமும் கிளினிக்குக்குப் போறதுக்கு வேணும். மழையோ வெயிலோ, காலைல சாவி போட்டா கிளம்போணும். அப்படி முடியும்னா எடுத்துட்டு வரலாம்."

அவர் பத்து நாள் யோசித்தார். பதினொன்றாம் நாள் பழைய இரும்பு என்று பதிவு செய்து, ஒரு சரக்குத் தன்னோடியில் காரை ஏற்றிவந்து வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டார்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பரணீதரன் பிளக்குகளைக் கழற்றி மூன்று துளைகளிலும் எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். ஐந்தாம் நாள் ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் முனகிக்கொண்டு கால் சுற்று சுற்றியது. அன்றைக்கு அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். ஒயர்களில் பாதியை எலி தின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரை துருப்பிடித்து, உட்கார்ந்தால் மண்ணைப் பார்க்கலாம். பழைய பிரிட்ஜின் கதவை வெட்டி அங்கே பற்றவைத்தார். டயர் சொல்லிச் செய்து வாங்க மட்டும் ஏழு மாதம் ஆனது.

பெட்ரோல் எங்கும் கிடையாது. அடுப்புக்கு விற்கும் கரும்பு எரிசாராயத்தில்தான் ஓட்டியாக வேண்டும். அது கூடுதலாகப் பாய்ந்தால்தான் எஞ்சின் எரியும்; கார்புரேட்டருக்குள் இருக்கும் பித்தளைத் துளையை ஒரு தலைமுடி அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். பரணீதரன் செய்த இரண்டு முயற்சியும் கோணலாகப் போனது. மூன்றாவதைச் சங்கமித்ரா கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். மதிய இடைவேளையில், நோயாளி படுக்கும் நாற்காலியின் விளக்குக்குக் கீழே, பல்லின் வேருக்குள் விடும் ஊசி அரத்தால் பொறுமையாக ராவினாள்.

"பித்தளைக்கு ரூட் கெனாலா?" என்று சிரித்தார் பரணீதரன்.

"வலிச்சா கையத் தூக்கச் சொல்லியிருக்கேனுங்க."

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் அவர்கள் பேசியதைவிட அந்தக் காரின் இரண்டு பக்கமும் நின்று பேசியது அதிகம். ஒரு தை மாதக் காலையில், சோக்கை இழுத்துப் பிடித்து நான்காவது முறை சாவியைத் திருப்பியபோது அது இருமி, உதறி, ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் சங்கமித்ரா ஒன்பது வயதுப் பெண்ணாகிப்போனாள். சூடேறிய ரெக்சின் வாசமும், அம்மா மடியில் வைத்திருக்கும் புளிசாதத் தூக்குவாளியும், வாளையாறு தாண்டியதும் முகத்தில் அடிக்கும் குளிர்காற்றும் வரிசையாக வந்தன. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புகை கண்ணுல பட்டிருச்சு" என்றாள்.

மனிதர் ஓட்டக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். பிரேக்கையும் விளக்கையும் சோதித்துப் பார்த்த அதிகாரி, காரின் கூரையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார். அதன் பெயர் மனிதக்குறி. இந்த வண்டியை ஓர் ஆள் ஓட்டுகிறார் என்று சுற்றியுள்ள தன்னோடிகளுக்கு அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

முதல் நாள் குனியமுத்தூரில் பிரதான சாலை ஏறும்போது சங்கமித்ரா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். சாலை முழுக்கத் தன்னோடிகள், ஒன்றை ஒன்று உரசாத குறையாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் மூக்கை நுழைத்ததும் முன்னால் இருந்தவை பயந்த ஆட்டுமந்தை மாதிரி விலகின. பின்னால் வந்தவை பம்மின. முன்னும் பின்னும் முப்பது மீட்டருக்கு வெறும் தார்ச்சாலை. சந்திப்புகளில் எல்லாம் நின்று அவளுக்கு வழிவிட்டன. ஆத்துப்பாலத்தில் காரை ஓரங்கட்டி இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரை ஆசை தீரப் பார்த்தாள். அப்படி நின்றும், வீட்டிலிருந்து பதினெட்டே நிமிடத்தில் ரேஸ்கோர்ஸ் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரிஸ்வான் வழிமதி மையத்தில் வேலை பார்ப்பவன். அவன்தான் காரணம் சொன்னான்.

"மத்த வண்டி அடுத்த நொடி என்ன செய்யும்னு வழிமதிக்குத் தெரியுங்க்கா. நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியாது. தெரியாததுகிட்ட இருந்து முப்பது மீட்டர் தள்ளி நிக்கோணும்னு எழுதி வெச்சிருக்கோம். ஊருலயே அதுக்குப் புரியாத ஒரே ஆளு நீங்கதான்."

சங்கமித்ராவுக்கு அது பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த ஆறு மாதம் அந்தக் கார்தான் ஊரில் பேச்சு. வயதானவர்கள் கண்ணாடியைத் தட்டி, "எங்க வீட்லயும் இது இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பானெட்டைத் தடவிக்கொடுத்தார்கள். சிலர் தங்கள் கொட்டகைகளைத் திறந்தார்கள். அம்பாசிடர், சாண்ட்ரோ, இண்டிகா என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எதிரே வந்தால் ஹாரன் அடித்துக்கொள்வார்கள். பரணீதரனுக்கு மிக்ஸியைத் தொட நேரமில்லை. வாசலில் எப்போதும் யாராவது ஒரு கார்புரேட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

பிறகு வந்தவர்கள் காரைத் தடவவில்லை. "எத்தனை நிமிஷத்துல போவீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். கணபதியில் தெருவுக்கு ஒரு பட்டறை முளைத்தது. நான்கு சக்கரமும் ஒரு ஸ்டியரிங்கும் இருந்தால் போதும், மேலே மனிதக்குறி ஏறிவிடும். இரண்டாம் வருடம் பிறந்தபோது ஊரில் பதினோராயிரம் மனிதக்குறிகள் இருந்தன.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு உக்கடத்தில் எல்லாம் நின்றது.

ஒவ்வொரு மனிதக்குறிக்கும் முப்பது மீட்டர் விட வேண்டும். விட இடமில்லை. ஆகவே தன்னோடிகள் அசையவில்லை. அவை அசையாததால் கையால் ஓட்டுபவர்களும் போக முடியவில்லை. நாற்பது வருடத்தில் முதல் நெரிசல். சங்கமித்ராவும் பரணீதரனும் அதன் நடுவில் இருந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் திருவிழாவாகத்தான் இருந்தது. மக்கள் இறங்கி நின்றார்கள். யாரோ அதிரசப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். இரண்டு பேர் ஹாரன் அடித்துச் சண்டை போட, சுற்றி நின்றவர்கள் அதை ரசித்துப் பார்த்தார்கள். "இதையெல்லாம் பாத்து எத்தன நாளாச்சு!" என்று ஒருவர் கண்கலங்கினார். சங்கமித்ராவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஆம்புலன்ஸின் ஊளை கேட்டது.

அதுவும் தன்னோடிதான். முன்னால் ஓர் அம்பாசிடர் நின்றதால் முப்பது மீட்டர் தள்ளி நின்று, "வழி கிடைக்கும்வரை காத்திருக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சங்கமித்ரா ஓடிப்போய் உள்ளே பார்த்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் வியர்த்து, சாம்பல் பூத்துப் படுத்திருந்தார். அவர் மனைவி கண்ணாடியை உள்ளிருந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கமித்ரா திரும்பி ஓடிவந்தாள். "ஏனுங்க, நம்ம மனிதக்குறியக் கழட்டுங்க! அது இல்லாட்டி நாம வெறும் வண்டிதானுங்களே, பக்கத்துல வந்துரும்."

பரணீதரன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கூரைமேல் எக்கி, ஸ்பேனரால் நெம்பி எடுத்தார். சட்டென்று சுற்றியிருந்த ஏழெட்டுத் தன்னோடிகள் நகர்ந்து, ஒரு முழ இடைவெளிக்கு நெருங்கின. அந்த அளவுக்கு இடம் பிறந்தது.

அடுத்த கார்க்காரரிடம் போனாள். அவர் கைகட்டிக்கொண்டார். "கழட்டிட்டா அப்புறம் எனக்கு யாருங்க வழி விடுவா?"

"உங்க வீட்டு ஆளா இருந்தா?"

"மொதல்ல அவங்களக் கழட்டச் சொல்லுங்க."

அதற்கும் அடுத்தவர் அதையேதான் சொன்னார். யாருக்கும் புரியாத ஆளாக இருப்பது சங்கமித்ராவுக்கு இத்தனை நாள் பெருமையாக இருந்தது; இப்போது வெட்கமாக இருந்தது. அவள் நான்காவது காரின் பானெட்டில் ஏறி நின்று கத்தினாள். கத்தினாளா, அழுதாளா என்று பிறகு பரணீதரனுக்கே சொல்லத் தெரியவில்லை. அதிரசக்காரர்தான் முதலில் தன் காரின் கூரைக்குக் கை நீட்டினார். பிறகு ஒரு பெண். பிறகு மூன்று பேர். பிறகு வரிசையாக. பத்தொன்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் நகர்ந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்த வாரம் ரிஸ்வான் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மனிதக்குறியை எடுத்துட்டாங்க்கா. எல்லாருக்கும். இனி முப்பது மீட்டர் கிடையாது."

"நல்லதுதானே. அப்ப ஓட்டக் கூடாதா?"

"தாராளமா ஓட்டலாம். அதான் விஷயமே." அவன் தயங்கினான். "தடை பண்ணச் சொல்லித்தான் கேட்டோம். வழிமதி தேவையில்லைன்னுருச்சு. இருபது மாசமா உங்களத் தினமும் பாத்திருக்குங்க்கா. எங்க மெதுவாப் போவீங்க, எப்ப தலையைத் திருப்புவீங்க, கோபம் வந்தா எப்படி கியர் போடுவீங்க, எல்லாம். அது புரியாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்தவன் உசிருக்குன்னா நீங்கல்லாம் விட்டுக்குடுப்பீங்களா, மாட்டீங்களா? அன்னைக்கு உக்கடத்துல அதையும் பாத்துருச்சு. எத்தன பேரு, எத்தனாவது நிமிஷம்னு கணக்கே இருக்கு."

"அதுக்கு?"

"இப்ப அதுக்கு உங்களத் தெரியும். தெரிஞ்சவங்ககிட்ட எதுக்கு முப்பது மீட்டர்?"

கணபதிப் பட்டறைகள் ஒரே மாதத்தில் காலியாயின. சங்கமித்ரா மட்டும் மறுநாளும் காரை எடுத்தாள். பரணீதரன் பக்கத்தில் உட்கார்ந்தார். தன்னோடிகள் ஜன்னலில் கை வைத்தால் தொடலாம் போல ஒட்டிக்கொண்டு ஓடின. ஒன்றுகூட அவள்மேல் படவில்லை. அவள் பிரேக்கை நினைத்தால் பின்னால் வருவது மெதுவானது.

செல்வபுரம் பிரிவு நெருங்கியது. அந்தப் பக்கம் அவள் காரில் ஒருநாளும் போனதில்லை. போக வேண்டிய வேலையும் இல்லை.

"இப்படி வண்டியைத் திருப்பிப் பாக்கட்டுங்களா?" என்றாள் மெல்ல.

"எங்க?" என்றார் பரணீதரன்.

அவள் தலையைத் திருப்பவில்லை, விளக்கைப் போடவில்லை. போகலாமா வேண்டாமா என்று அவளுக்கே இன்னும் முடிவாகவில்லை.

இடப்பக்கம் வந்த மூன்று தன்னோடிகள் ஒதுங்கி, அந்தத் தெருவின் வாயை அவளுக்காகத் திறந்துவைத்துக் காத்திருந்தன.