புல் படுத்த இடம்

புல் வெட்டி முடித்து மிஷினை அணைத்துவிட்டுத் திரும்பியபோது, கேட்டுக்கு அருகே புல்வெளியில் ஓரிடம் மட்டும் நசுங்கிப் படுத்திருப்பதை நதியா பார்த்தாள். ஓர் ஆள் நீளம். சற்று முன் அவளே மிஷின் ஓட்டிய இடம்தான். நாய் புரண்டிருக்கும் என்று கையால் கோதி நிமிர்த்தினாள். ஆடிக் காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்தது. அந்த இடத்து மண் மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்துபோன பாயைப்போல வெதுவெதுப்பாக இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவள் கணவன் முனீஸ் லாரி மோதி இறந்து எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து எதுவும் அவளுக்குள் இறங்குவதில்லை. சொந்த ஊரான சாத்தூருக்குத் திரும்பவும் தோன்றாமல், முதலிபாளையத்தில் பெரிய வீடுகளின் புல்வெளிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தாள். கோடையில் இருவேளைத் தண்ணீர், ஆடியில் வாரம் ஒரு வெட்டு, மழைக்கு முன் மண்ணில் துளையிட்டு எரு. அடுத்து என்ன செய்வதென்று புல்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த புதன்கிழமை, அதேபோல ஆள் நீளப் பள்ளம் ஒன்று புல்வெளியின் நடுவில் இருந்தது. கேட்டருகே, பழைய இடத்துப் புல் கல்லுக்கு அடியில் கிடந்ததுபோல வெளுத்துப் போயிருந்தது. நதியா குனிந்தாள். தலை வைத்த குழி. தோள்கள். இரண்டு குதிகால்கள். ஈர மண் வாசனைக்குள் மெல்லத் திருநீற்று வாசனை. துளையிடும் கம்பியை ஊன்றப் போனாள்.

“வேண்டாங் கண்ணு, அங்க குத்தாத.” வீட்டுக்கார அம்மா சாரதாமணி வாசல் படியில் நின்றிருந்தார். “அவரு தூங்கட்டும்.”

“யாரும்மா?”

“எங்கூட்டுக்காரருதான். வைகாசில போனாரல்ல? கூப்புட்டேன், வந்துட்டாரு. மொதல்ல கேட்டுக்கிட்ட படுத்தாரு. இப்ப இங்க. அடுத்த வாரம் படிக்கே வந்துருவாரு.” நதியாவின் முகத்தையே பார்த்தார். “நீயும் உங்கூட்டுக்காரரக் கூப்புட்டுப் பாரு கண்ணு. புல்லுக்கு நல்லாக் காது கேக்குது.”

“சரிம்மா,” என்றாள் நதியா. மறு ஓரத்தில் போய் எருவைத் தூவினாள்.

மூன்றாவது புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே வானம் இருட்டியிருந்தது. மதில் சுவருக்கு அப்பால் பனியன் கம்பெனி நிட்டிங் மிஷின்கள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. கேட் திறந்து கிடந்தது. வாசல் கதவும்.

“அம்மா?”

படியோரம் சாரதாமணி கவிழ்ந்து கிடந்தார். ஓடிப்போன நதியா நாலடி முன்னால் நின்றுவிட்டாள். அவர் உடம்புக்கு அடியில் புல் மடங்கவேயில்லை. நுனி நுனியாக நிமிர்ந்து நின்றது. அவரைக் காயப்போட்ட சேலையைப்போலத் தாங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் பள்ளம். காலியான பள்ளம். அதன்மேல் சாரதாமணியின் வலது கை நீண்டிருந்தது, தரையைத் தொடாமல். அந்தக் கை மெதுவாக ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

அவருடைய முதுகு அசையவில்லை.

மின்சாரம் போனது. மதிலுக்கு அப்பால் மிஷின்கள் அடங்கின. அந்த அமைதியில் மூச்சுச் சத்தம் கேட்டது. எட்டு மாதத்தில் முதன்முறையாக நதியாவுக்குள் ஏதோ இறங்கியது. பயம். முனீஸை எப்போதும் கூப்பிடுவதுபோல, அவளை அறியாமலே வாய் கூப்பிட்டுவிட்டது.

“மாமா...”

காற்று நின்றிருந்தது. அவளுக்கு வலப்பக்கம் ஒரு புல் சாய்ந்தது. இன்னொன்று. குதிகால். முழங்கால். தோள். ஓர் ஆள் நிதானமாகப் படுத்தான்.

ஓடவேண்டும். கால் எடுக்கக் குனிந்து பார்த்தாள்.

அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் அடியில், ஒரு புல்கூட மடங்காமல் நேராக நின்றது.