பத்தாவது குறி

முப்பத்தெட்டில் நிற்க வேண்டிய எண், திங்கட்கிழமை மாலை நாற்பத்தொன்றில் போய் நின்றது.

மூன்று எண்தான் வித்தியாசம். வேறு யாராக இருந்தாலும் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். மெக்கானிக்கால் முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். லிஃப்ட் தரைமட்டத்துக்கு அரை விரல் மேலே நின்றால்கூட அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர், வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர் ஆட்களோடு வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோவில் போய் விழுந்தால் என்ன ஆகும்? ஆறு மாதம் காத்திருந்து, ஒரு சூட்கேஸ் அளவுக்கு ஆன்டெனா டியூனர் ஒன்றை வாங்கிப் பின்னறையில் உட்கார வைத்தார்.

அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். வெளியே வயர், உள்ளே ரேடியோ, இரண்டுக்கும் ஒத்துப்போகாது. இது நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேச வேண்டும். முகப்பில் இரண்டு திருகு, நடுவில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே கட்டைவிரல் தடிமனில் இருக்கும் செம்புச் சுருள் மெல்லச் சுழலும். மேலே சின்ன எண்காட்டி ஓடும். சரியான எண்ணில் நிறுத்திப் பொருத்தினால் அனுப்பும் பவர் முழுவதும் வயருக்குள் போகும். தவறினால் பாதி திரும்பி வரும். மீட்டர் ஊசி எழும்பிக் காட்டிக்கொடுக்கும். அவர் பேசும் அலைவரிசைக்கு எண் முப்பத்தெட்டு. மழை கொட்டினாலும் முப்பத்தெட்டரை. மூன்று மாதமாக அது மாறியதே இல்லை.

அவர் மனைவிக்கு இந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. அவர் பேச ஆரம்பித்தால் டிவியில் கோடு விழும். வாசலில் ஆளே இல்லாமல் காலிங்பெல் அடிக்கும். போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள், வாய் ஓயாது. “என் சக்களத்தி கூப்பிடறா, போங்க” என்பாள். டியூனர் என்ற சொல்லை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. எப்போதும் சக்களத்திதான். அவள் திட்டுவதை அவர் சத்தம் போடாமல் ரசிப்பார்.

நாற்பத்தொன்று என்றால் என்ன என்று அவர் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அதற்காகவே ஓர் அட்டவணை போட்டிருந்தார். வயர் பின்னறை ஜன்னலிலிருந்து கிளம்பி, கொல்லையைத் தாண்டி, கடைசி மதிலோரம் நட்ட இரும்புக் கம்பம்வரை இருபது மீட்டர் போகிறது. காற்றடித்தால் பக்கத்துவீட்டு மரக்கிளை எங்கேயாவது வந்து உரசும். எங்கே உரசுகிறது என்று தினமும் ஓடி ஓடிப் பார்ப்பது எரிச்சல். எந்த மாடியில் கோளாறு என்பதை மேலே மெஷின் ரூமில் உட்கார்ந்தபடியே சொல்கிறவருக்கு இது ஒரு வேலையா? இரண்டு மீட்டருக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றினார். ஜன்னலை ஒட்டி ஒன்று, அடுத்து இரண்டு, அப்படியே போய்க் கம்பத்தருகில் பத்து. மனைவியைக் கெஞ்சி ஸ்டூலில் ஏற்றி, ஒவ்வொரு குறியிலும் வயரைக் கையால் பிடிக்கச் சொன்னார். ஐந்தே வாட் பவர். எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. அவள் பிடிக்க, அவர் சுற்ற, எண்களை நோட்டில் எழுதினார். ஒன்றாம் குறி அறுபத்தாறு. ஐந்தாம் குறி ஐம்பத்துநான்கு. பத்தாம் குறி நாற்பத்தொன்று.

ஆக, பத்தாவது குறியில் ஏதோ தொடுகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். கிளை வயருக்கு நான்கு அடி தள்ளி இருந்தது. இருந்தாலும் கோபத்தில் அதை வெட்டிப் போட்டார். திரும்பி வந்து, பவர் அனுப்பும் பட்டனை அழுத்தினார். நாற்பத்தொன்று.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் வயரை இறக்கினார். வயரைத் தாங்கும் பீங்கான் மணிகளைத் துடைத்தார். இணைப்புகளைப் பிரித்து மறுபடியும் பற்றவைத்தார். விரலைச் சுட்டுக்கொண்டார். நீளத்தை டேப் வைத்து இரண்டு முறை அளந்தார். ஒரு விரல்கூட மாறவில்லை. மறுபடி ஏற்றிக் கட்டி, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினால் நாற்பத்தாறு.

எட்டாவது குறி.

அவருக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். மனைவி ஜன்னலோரம் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “டியூனர் சரியாச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அந்தக் கேள்வியில் என்னவோ இடித்தது. என்னவென்று பார்க்க அவருக்கு அப்போது பொறுமையில்லை.

மாலை ஆறு மணிக்கு வாத்தியார் காத்திருப்பார். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கணக்கு வாத்தியார்; நேரில் பார்த்ததேயில்லை, குரலில்தான் எட்டு வருடப் பழக்கம். அவர் ஊரில் இரைச்சல் அதிகம். ஆம்ப்ளிஃபயரைப் போட்டு ஆயிரம் வாட் கொடுத்தால்தான் அவர் காதில் ஏறும். மெக்கானிக் எண்களை எல்லாம் ஒப்பித்து ஒரு மூச்சு புலம்பினார். வாத்தியார் பென்சிலும் காகிதமுமாகக் கணக்குப் போட்டார்.

“உங்க கணக்குப்படி யாரோ ஒரு ஆள் வயரைப் பிடிச்சிட்டு நிக்கணும்” என்றார். “ஆனா ஆயிரம் வாட்ல பிடிச்சா அந்த ஆள் கருகிப் போயிருப்பாரு. அதனால உங்க பெட்டியிலதான் கோளாறு.”

பெட்டியில் கோளாறில்லை. அதை வயரிலிருந்து கழற்றி, வயருக்குப் பதிலாக ஒரு சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டார். பெட்டி சுத்தம்.

புதன்கிழமை ஐந்து முறை பட்டனை அழுத்தினார். சும்மா பார்க்கத்தான். முதலில் நாற்பத்தெட்டு. கைப்பிடியைத் திருப்பிச் சரி செய்து அழுத்தினார், ஐம்பத்தொன்று. மறுபடி, ஐம்பத்துநான்கு. அவர் ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் அது ஒரு குறி நகர்கிறது. அவர் பொருத்தாமல் விட்டால் அங்கேயே நிற்கிறது. கடைசி இரண்டு முறை வேண்டுமென்றே பொருத்தாமல் விட்டுப் பார்த்தார். நின்றது. லிஃப்ட் வாசலில் நின்று மேலே எரியும் எண்ணைப் பார்ப்பதுபோல அவர் அந்த எண்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் குறி. கொல்லையில் கிட்டத்தட்டப் பாதி.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் போகவில்லை. காய்ந்த துணி, கவிழ்த்த வாளி, ஸ்டூல். வயர் காலியாக இருந்தது. காற்றில்லை. ஐந்தாவது சிவப்பு டேப் இருக்கும் இடத்தில் மட்டும் வயர் லேசாகத் தொய்ந்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் குறியில் ஒப்பிட்டுப் பார்க்கத் தானும் ஒரு முறை பிடித்துப் பார்த்திருந்தார். அவர் பிடித்தபோது ஐம்பத்தாறு. உயரம், எடை, கையின் ஈரம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஐம்பத்துநான்கு அவருடைய எண் இல்லை. யாரோ ஒருவருடைய எண்ணும் இல்லை. மனைவியின் எண்.

அது வந்து சேரப்போகும் ஜன்னலோரத்தில்தான் அவள் தினமும் நின்று துணி தேய்க்கிறாள். அவளை வேறு அறைக்குப் போகச் சொன்னார். ஏன் என்று கேட்காமல் போனாள். இனி அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவர் உயிரோடு இருந்து என்ன பயன்?

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கை தானாகப் போய் ரேடியோவைப் போட்டது. வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தார். பழக்கதோஷம், பேசுவதற்கு முன் பொருத்தினார். ஐம்பத்தேழு. நான்காம் குறி. பல்லைக் கடித்துக்கொண்டு, ரேடியோவைக் கொஞ்ச நாள் நிறுத்தப்போவதாகச் சொன்னார். மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று ஒரு சாக்கும் சேர்த்துச் சொன்னார்.

ஹெட்போனில் வாத்தியார் சிரித்தார்.

“அதான் கேக்குதே. திங்கட்கிழமையிலிருந்து வீட்டம்மா உங்க பின்னாலேயே நின்னு திட்டிக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கு ரொம்பத் தெளிவா வருது. அது யாரு சார், சக்களத்தி?”

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

மனைவி எப்போது வந்தாளோ, ஜன்னலோரம் நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு, ஈரத் துணி வாசனை, ஆவி. போனது, வந்தது, போனது, வந்தது. சட்டை எப்போதோ தேய்த்து முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்று. பத்தாவது குறியில் அவள் பிடித்திருந்தபோது, டியூனர் விளக்கைப் போடுவதாக நினைத்து, பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்சைத் தட்டிவிட்டார். ஐந்து வாட் ஆயிரமானது. உடனே அணைத்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து, திரும்பி வரும் பவரைக் காட்டும் ஊசி பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. ஒரு துளிகூடத் திரும்பி வரவில்லை. மூன்று மாதத்தில் அப்படி ஒரு பொருத்தம் அமைந்ததே இல்லை. மெய்மறந்து பார்த்தார். இரண்டு விநாடி. மூன்று விநாடி. பிறகுதான் உறைத்தது. அணைத்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது ஸ்டூல் மட்டும் நின்றது. அவருக்கு உயிரே போய்விட்டதுபோல் ஆனது. அந்தக் கணமே பின்னாலிருந்து, “முடிஞ்சுதா?” என்று குரல் வந்தது. அறை வாசலில் நின்றிருந்தாள். கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். சின்னக் கொப்புளம்கூட இல்லை. கடவுளே என்று மூச்சு விட்டார். அவ்வளவு தூரம் கொல்லையைக் கடந்து அந்த நேரத்துக்குள் எப்படி வந்தாள் என்று கேட்கவில்லை. கேட்டால் ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை. நான்கு நாளாகக் காலிங்பெல் அடித்தபோதெல்லாம் அவள் போய்ப் பார்க்கவில்லை. ஒரு வழியாகப் பழகிக்கொண்டாள் என்று அவர் நிம்மதிப்பட்டிருந்தார். டியூனர் வயரைச் சரி பண்ணாது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரேடியோவை நம்ப வைக்கும், அவ்வளவுதான் என்று வாத்தியார் ஒரு முறை சொன்னது இப்போது எங்கிருந்தோ ஞாபகம் வந்தது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். ஐந்து வாட். பொருத்தினார். அறுபது. பொருத்தினார். அறுபத்துமூன்று. இரண்டாம் குறி. ஜன்னலுக்கு வெளியே, இரண்டே மீட்டர் தூரம்.

“இங்க வா” என்றார். குரல் அவருடையதாக இல்லை. “இந்த வயரைக் கொஞ்சம் பிடி.”

முன்பு என்றால் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். எதுக்கு, எவ்வளவு நேரம், அடுப்பில் இருப்பதை யார் பார்ப்பது. இப்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வந்தாள். வயர் ஜன்னல் கம்பிக்குள் நுழையும் இடத்தில், முதல் சிவப்பு டேப்புக்குப் பக்கத்தில், வெறும் செம்பைக் கைக்குள் வைத்து மூடினாள். விரல்கள் வெளுக்கும்வரை இறுக்கினாள்.

பட்டனை அழுத்தினார்.

ஊசி அசையவில்லை.

ஒரு புழு பூச்சி உட்கார்ந்தால்கூடத் துடிக்கும் ஊசி. ஒரு மனித உடம்பு பிடித்திருக்கிறது. அசையவில்லை. எண் அறுபத்துமூன்றிலேயே நின்றது. வயரைப் பொறுத்தவரை அவள் கையில் யாரும் இல்லை.

பட்டனிலிருந்து விரலை எடுத்தார். பவர் நின்றது. வாசலில் காலிங்பெல் அடித்தது. விட்டு விட்டு, பொறுமையிழந்து, சாவியை மறந்துவிட்டு வெளியே நிற்கும் ஆள் அடிப்பதுபோல் அடித்தது. ஹெட்போனில், இரைச்சலுக்கு அடியில், தொண்டை கட்டிய ஒரு குரல். திட்டியது. அழுதது. திட்டியது. அவர் பெயரைச் சொல்லி, கதவைத் திறங்க என்றது.

வெளியே இரண்டாம் டேப்பில் இருந்த தொய்வு நகர்ந்தது. பட்டனை யாரும் அழுத்தவில்லை. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. கை மாற்றிக் கை மாற்றி.

“வெட்டிடுங்க” என்றாள் ஜன்னலோரம் நின்றவள். கோபமில்லை, அவசரமில்லை. “அப்புறம் தொந்தரவே இருக்காது.”

மேசையிலிருந்த கட்டிங் பிளேயரை அவளே எடுத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிளேயரின் வாயைத் திறந்து வயரைக் கவ்வ வைத்தாள். செம்பு நடுங்குவது இரும்பு வழியாக அவர் கைக்கு வந்தது.

தொய்வு ஜன்னல் கம்பிக்கு வந்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம், காலியான வயரில், சிவப்பு டேப் மெல்லக் கசங்கியது. நான்கு விரல் தடம்.

அவர் கையின்மேல், உள்ளே நின்றவளின் சூடில்லாத, கொப்புளமில்லாத கை, மெதுவாக மூடத் தொடங்கியது.