துரையின் தலையில் ஒரு கை

தலையில் கை இருக்கும்போதே துரை உறுமினான்.

பவுனம்மாள் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். கை வைத்தால் அந்த நாய் அடங்கிவிட வேண்டும். பழக்கிய நாளிலிருந்து அதில் பிசகியதே இல்லை. மற்ற பெண்கள் கரையில் ஓலைப் பறிக்கூடைகளைக் கவிழ்த்து இறாலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மார்கழிப் பனி ஏரியை மூடி, கரைக்கும் ஏறி, எதிரே நிற்கிறவளின் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் செய்திருந்தது. சேற்று வாடையும், நனைந்த ஓலையின் வாடையும், தூரத்தில் ஒல்லாந்தர் கோட்டைப் பக்கமிருந்து மிதந்து வரும் கப்பல் தாரின் வாடையும் அந்தப் பனிக்குள்ளேயே தங்கிக் கிடந்தன. துரையின் காதுகள் ஏரிப் பக்கம் விறைத்து நின்றன.

அப்போது அவளுக்கும் கேட்டது. உள்ளங்கையால் தண்ணீரை அடிக்கும் சத்தம். சளப், சளப்.

"இன்னும் யாராச்சும் ஏறலியா?" என்று கேட்டாள்.

"அல்லாரும் இங்கதான் கீறோம்க்கா," என்றாள் பக்கத்துக் குடிசை ரங்கம்மாள். "மடவை துள்ளுது. வா, குளுரு எலும்பத் துன்னுது."

மடவை மீன் துள்ளினாலும் அப்படித்தான் கேட்கும். அது இரண்டிரண்டாகத் துள்ளுமா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. துரை திமிறினான். பவுனம்மாள் அவன் தலையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சத்தம் வெகுநேரம் கேட்டது, பிறகு தேய்ந்து நின்றுபோனது.

துரை என்று பெயர் வைத்ததே கேலிக்குத்தான். வெளுத்த தோலும் பூனைக்கண்ணுமாகக் கோட்டைத் துரைமார் ஜாடையில் ஒரு குட்டி தோணிரேவுக் குப்பத்தில் பிறந்தால் ஊர் சும்மா விடுமா? 'அது' என்று யாராவது சொன்னால் பவுனம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வரும். ஆகவே நாமும் 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம். மீனில் முள் எடுத்து, மென்று, அவன் வாயில் வைப்பாள். காதுப் புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடுவாள். உண்ணி பார்க்காமல் ஒருநாளும் அவள் சோற்றில் கை வைத்ததில்லை.

"என்னிக்காவது என்னிய இப்டி பாத்துகினு கீறியா?" என்று புருஷன் சின்னதம்பி இருமிக்கொண்டே கேட்பான். அவனுக்கு ஓயாத இருமல்.

"ஒனக்கு உண்ணி இருந்தா சொல்லுய்யா, எடுக்கறேன்," என்பாள்.

கொஞ்சியதோடு நில்லாமல் துரைக்கு ஒரு வேலையும் கற்றுக்கொடுத்தாள். இறால் தடவப் போகும் பெண்கள் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் ஏரியில் இறங்குவார்கள்; கைகள் இரண்டும் அடிச்சேற்றில் இருக்கும். வாயில் பறி இருக்கையில் கூவ முடியாது. பனி இறங்கிவிட்டால் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல், முகத்துவாரத்து ஆழத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அதனால் தண்ணீரை இரண்டு தட்டுத் தட்டினால் துரை கரையிலிருந்து குரைக்க வேண்டும். எல்லாரும் வந்து சேரும்வரை விடாமல் குரைக்க வேண்டும். கடைசியாக ஏறுகிறவள் அவன் தலையில் கை வைப்பாள். கை வைத்தால் சத்தம் நிற்க வேண்டும். சுட்ட இறால் தலைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, திட்டாமல் அடிக்காமல், ஒரு மழைக்காலம் முழுக்க இதைப் பழக்கினாள்.

அன்று கடைசியாக ஏறி, அவன் தலையில் கை வைத்தவள் அவள்தான். அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் சின்னதம்பி தோணியைக் கட்டிவிட்டு வந்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நேத்து பனியில படகு ஒண்ணு கவுந்துச்சாம்மே. பஞ்சத்துல சோத்துக்காவ தங்களயே வித்துக்கினாங்களே, அந்த சனங்க. எவனோ தரகன் கப்பலுக்கு ஏத்திகினு போயிருக்கான். கைய முன்னால சேத்துக் கட்டி."

"யாருனா கரை ஏறினாங்களா?"

"கரை எங்கன்னு தெரிஞ்சாத்தான ஏறுவாங்க?"

பவுனம்மாள் துரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களும் கேட்டிருப்பார்கள். தண்ணீர் இரண்டு தட்டுத் தட்டப்படுவதையும், உடனே ஒரு நாய் கூப்பிடுவதையும் பனிக்குள்ளிருந்து கேட்டிருப்பார்கள். தாங்களும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அவள் கை துரையின் தலையில் இருந்தது. அழுதாள்.

அடுத்த பனியில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது.

பெண்கள் எல்லாரும் ஏறிய பிறகு. சளப், சளப். முன்பைவிடக் கிட்டத்தில். துரை குரைத்தான். அவள் கை வைத்தாள்; அடங்கினான்; ஆனால் அவன் உடம்பு அவள் கைக்குக் கீழே வெடவெடவென்று நடுங்கியது. அதற்கடுத்த பனியில் சத்தம் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து வந்தது. பழக்கியவளை வீட்டிலேயே கட்டிப்போட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை; துரையைத்தான் கட்டிப்போட்டார்கள். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு கரைக்கு ஓடினான். ஆரம்பாக்கத்து உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கால் தேய்ந்து, காது கிழிந்து, பனி இறங்கும் நாளுக்குச் சரியாகத் திரும்பி வந்தான். பழக்கியது அப்படி. நன்றாகப் பழக்கியிருந்தாள்.

ரங்கம்மாள் ஒருநாள் கரைக்குப் போனவள், பறியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சத்தம் இப்போது தண்ணீரில் இல்லையாம். ஈரச் சேற்றில் அடிக்கும் சத்தமாம்.

"அந்த நாய் கூப்டுது, அதுங்க வருதுங்க," என்று பெண்கள் ஒரே வாயாகச் சொல்லி, ஏரியில் இறங்குவதை நிறுத்திவிட்டார்கள். அடுப்புகள் அணைந்து கிடந்தன.

"நாளிக்கு விடியட்டும்," என்றான் சின்னதம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல். "துரைக்குக் கல்லக் கட்டி ஏரியில வுட்டுடறேன். என்னிய வையாதமே. ஊரு பட்னி கெடக்குது."

அவள் வையவில்லை. துரையை மடியில் போட்டு உண்ணி பார்த்தாள். காதைத் தடவினாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவர்கள் என்ன கேட்கிறார்கள்? கரையைத்தானே? எல்லாரும் ஏறிவிட்டால், கடைசி ஆள் கை வைத்துவிட்டால், பிறகு எதற்குத் தட்டப் போகிறார்கள்? துரை பிழைத்துக்கொள்வான்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனாள். ஊர் அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. எங்கோ சேவல் கூவியது. ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ கடைசிப் பிடி கேழ்வரகைத் திரித்தார்கள். குடிசைக்குள் சின்னதம்பியின் இருமல். பனி அவள் வாய்க்குள் உப்பாகப் புகுந்தது.

சளப், சளப்.

"கூப்புடுடா என் ராசா," என்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

துரை குரைத்தான். பனிக்குள் ஈரச் சேறு அடிபட்டது. இரண்டு. இன்னொரு பக்கம் இரண்டு. கரை நெடுக இரண்டிரண்டாக. உப்பில் ஊறிய கயிற்றின் வாடை வந்தது. அவள் தோளை உரசிக்கொண்டு ஏதோ கடந்தது. குளிர்ந்த, சொட்டச் சொட்ட நனைந்த ஏதோ. அடுத்து ஒன்று. மறுபக்கம் ஒன்று. முகம் தெரியவில்லை. எதுவும் நிற்கவில்லை. எல்லாம் ஊருக்குள் போயின.

துரை குரைத்துக்கொண்டே இருந்தான். தொண்டை கட்டி, குரல் கிழிந்து, அப்படியும்.

திடீரென்று நின்றது.

அவள் குனிந்தாள். அவன் தலையில் இரண்டு கைகள் இருந்தன. மணிக்கட்டில் சேர்த்துக் கட்டியவை. ஊறி வெளுத்தவை. மிகச் சின்னவை.

கடைசி ஆள்.

"துரை," என்றாள். அவன் பழக்கியபடியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பூனைக்கண் திறந்திருந்தது. அவன் மூக்கின் முன்னால் பனி அசையவில்லை. மூச்சும் அடங்கியிருந்தது.

புருஷனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பின்னால் ஊர்ப் பக்கமிருந்து அவள் உச்சந்தலையில் ஈரமாக எதுவோ அமர்ந்தது. பத்து விரல். நடுவில் கயிறு.

கை வைத்தால் சத்தம் நிற்க வேண்டும்.

வாய் திறந்தபடி இருந்தது. குரல் வரவில்லை.

ஊருக்குள் சேவலின் கூவல் நின்றது. பிறகு திரிகைச் சத்தம். பிறகு அந்தக் குழந்தை, பாதிச் சிணுங்கலில். வீடு வீடாக, கரையிலிருந்து உள்ளே. சின்னதம்பியின் இருமல் மட்டும் பாக்கி. அதையே கேட்டுக்கொண்டு, அசைய முடியாமல், துரையின் பக்கத்தில் அவளும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இருமினான். இன்னொரு முறை இருமினான்.