வறுவல் கடைக் கூரையில் ஓர் ஓட்டை

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. டச்சு ஊரான ஹோகெவேனின் தொழிற்பேட்டையில், கெர்லோஃபின் வறுவல் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஒரு பிணம் கிடந்தது. கடையில் பாத்திரம் கழுவும் ஸ்தோயன். பல்கேரியாக்காரன், நாற்பது வயது. மெத்தை ஒரு மூலையில் விரித்திருக்க, ஆள் கதவோரம் குப்புறக் கிடந்தான். புகை அடைத்துச் செத்திருந்தான். மெத்தைக்கு மேலே கூரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை. தீயை விடிகாலை மழை அணைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மாக்டா ரோஸ்யென் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிணத்துக்காக அல்ல. பழைய மாட்டுக் கொழுப்பு சுவர், அலமாரி, விளக்கு என்று எல்லாவற்றிலும் பிசுக்காக ஏறியிருந்தது. தொட்டால் விரல் ஒட்டியது. இங்கே பொரித்ததைத்தான் ஊரே வரிசையில் நின்று வாங்கித் தின்கிறது. போன வெள்ளிக்கிழமை அவளும் தின்றிருந்தாள். சீ!

"என் கூடப் பொறந்தவன் மாதிரி வெச்சிருந்தேன் மேடம்!" கெர்லோஃப் கண்ணைக் கசக்கினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"கூடப் பொறந்தவனை இங்கயா படுக்க வெப்பீங்க?"

"அவனாத்தான் கேட்டான், வாடகை மிச்சமாம். நேத்து கூரை ஒட்ட வந்தானே எவெர்ட், அவன் வெச்ச நெருப்புதான் மேடம். அந்தப் படுபாவியைச் சும்மா விடாதீங்க."

எவெர்ட் முந்தின நாள் முழுக்க அந்தத் தட்டைக் கூரையில் ரப்பர் கலந்த தார் ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தான். சுருளின் அடியை கேஸ் பர்னரால் உருக்கி, உருட்டிக்கொண்டே போகிற வேலை. ஒரு பொறி கூரைக்குள் புகுந்துவிட்டால் போதும், மணிக்கணக்கில் கனன்று, ஆள் வீட்டுக்குப் போனபிறகு பற்றும். அப்படி எரிந்த கட்டடங்களை இந்த நாட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

எவெர்டுக்கே வரவில்லை. போலீஸ் வேனில் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயது ஆள், குடித்த காப்பியைக் கக்கிவிட்டு வெளிறிப்போயிருந்தான்.

"வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் காவல் இருந்தேன் மேடம். ஒட்டின இடத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். எங்கயோ கோட்டை விட்டுட்டேன். ஒரு மனுஷனைக் கொன்னுட்டேன்."

"உள்ள ஆள் தூங்குறது தெரியுமா?"

"கடை சாமான் ரூம்ல ஆள் தூங்குவான்னு யார் நினைப்பா? ஜெயில்ல போடுங்க, அது கிடக்கட்டும். இனி ராத்திரி கண்ணை மூடினா என்ன தெரியும் எனக்கு?"

கான்ஸ்டபிள் யோரிஸ் காதோடு சொன்னான்: "ஒத்துக்கிட்டான் மேடம். எழுதிடவா?"

"வாயை மூடிக்கிட்டு ஏணியைப் பிடி."

மணி எட்டு. கூரை மேல் புது ஷீட் நேர்த்தியாகப் படிந்திருந்தது. ஒரு சுருள் இன்னொன்றின் மேல் ஏறும் ஒவ்வொரு விளிம்பிலும், உருகிய தார் மெல்லிய கறுப்புக் கோடாகப் பிதுங்கி உறைந்திருந்தது. சுவரோரமாகவும் சிம்னியைச் சுற்றியும் ஒட்டியிருந்த பட்டைகளில் மட்டும் அந்தக் கோடு இல்லை. பக்கத்தில் ஒரு குப்பைப் பை. அதில் வழவழப்பான மெல்லிய தாள், பட்டை பட்டையாக உரித்துப் போட்டிருந்தது.

ஓட்டை இருந்தது சிம்னியின் காலடியில். கடையின் எண்ணெய்ச் சட்டிகளிலிருந்து புகையை மேலே கொண்டுவரும் தகரக் குழாய் அது. மாக்டா கையுறை விரலைக் குழாய்க்குள் விட்டாள். மேல்பகுதியில் பழுப்புக் கொழுப்பு விரல் கணு முழுகும் வரை இருந்தது, செத்த ஈக்களோடு. கீழ்ப்பகுதி வெறும் தகரமாக வெந்து நீலம் பாய்ந்திருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

"காலையில சாப்பிடாம வந்தது நல்லதாப் போச்சு," என்றான் யோரிஸ்.

கீழே இறங்கியதும் சாமான் அறைக் கதவைப் பார்த்தாள். இடுக்குகளில் கசிந்த புகை கடைக்குள் போகும் நடையின் சுவரையும் கதவின் வெளிப்பக்கத்தையும் கன்னங்கரேலென்று ஆக்கியிருந்தது. மார்பளவு உயரத்தில் மட்டும் கை நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தது. அதில் நான்கு திருகாணி ஓட்டைகள்.

"இது என்ன கெர்லோஃப்?"

"அதுவா? பழைய தாழ்ப்பாள். அதைக் கழட்டி வருஷக்கணக்காச்சு."

"எவெர்ட் வேலை செஞ்சதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம? பின்வாசல்ல நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தேன். அந்த சிம்னி அடியிலயே பர்னரைப் பிடிச்சிட்டு நின்னான் மேடம். இவ்ளோ பெரிய ஜுவாலை! 'டேய், பாத்துடா'ன்னு கத்தினேன்கூட."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"எந்த ஜுவாலை?" என்றாள் மாக்டா. "சுவரோரத்துலயும் சிம்னி ஓரத்துலயும் பர்னர் காட்டக் கூடாதுன்னு இங்க விதி இருக்கு. அங்க போடுறது வேற ஷீட். முதுகுத் தாளை உரிச்சு அமுக்கினா ஒட்டிக்கும். உரிச்ச தாள் மேல பையில கிடக்கு. பர்னரால ஒட்டியிருந்தா தார் பிதுங்கியிருக்கணும். அங்க ஒரு பொட்டுகூட பிதுங்கல. நீ கூரைக்காரன்னா நெருப்புன்னு நினைச்சுக் கதை கட்டினே. ராத்திரி வரைக்கும் எரிஞ்ச அடுப்புச் சூட்டுல பத்தினது உன் சிம்னிக்குள்ள இருந்த கொழுப்பு."

கெர்லோஃப் உதட்டை நக்கினான். "சரி, சிம்னி கழுவல. அபராதம் போடுங்க. அது விபத்துதானே?"

"இந்த வெள்ளை இடம் விபத்து இல்ல. வருஷக்கணக்கா முன்னாடி கழட்டியிருந்தா இந்த இடத்துலயும் பிசுக்கு ஏறியிருக்கும், நேத்து ராத்திரி கரியும் படிஞ்சிருக்கும். கதவு முழுக்கக் கறுப்பு, தாழ்ப்பாள் இருந்த இடம் மட்டும் வெள்ளை. அப்போ புகை வந்தப்ப தாழ்ப்பாள் இங்கதான் இருந்திருக்கு. வெளியே போட்டிருந்திருக்கு. காலையில வந்து, செத்துக் கிடந்தவனைப் பாத்துட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்தே. அப்புறம்தான் எங்களுக்கு போன் பண்ணினே."

"எல்லாம் உங்க கற்பனை."

"வெளிய கொண்டுபோக நேரம் இருந்திருக்காது. யோரிஸ், அந்த மூலையில இருக்கிற கழிவு எண்ணெய் டிரம்முல கையை விடு."

"ஏன் மேடம் எப்பவும் நானே?" புலம்பிக்கொண்டே முழங்கை வரை விட்டான். முகத்தை எட்டுக்கோணலாக்கித் துழாவினான். வழியும் கொழுப்போடு தாழ்ப்பாள் வெளியே வந்தது, நான்கு திருகாணிகளில் ஒன்று அதிலேயே தொங்கியது.

கெர்லோஃபின் பாசாங்கு சட்டென்று நின்றுவிட்டது. "ராத்திரி எழுந்து போய்க் கடை ஃப்ரிட்ஜ்ல கை வைப்பான் மேடம். பொரிக்க வெச்ச இறைச்சிக் குழல் தினம் ரெண்டு குறையும். அதுக்குத்தான் தாழ்ப்பாள் போட்டேன். திருட்டுப் பயலை வெச்சுக்கிட்டு வேற என்ன பண்றது?"

மாக்டா அவனை ஒரு கணம் பார்த்தாள். அந்தக் கடையில் தொட்ட எதுவும் அவளுக்கு இவ்வளவு அருவருப்பாக இருக்கவில்லை. "கூட்டிட்டுப் போ," என்று மட்டும் சொன்னாள்.

வேனின் கதவைத் திறந்து எவெர்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. விட்டு விட்டுச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

"நான் இல்ல. நான் இல்ல, இல்லையா மேடம்?"

"நீங்க இல்ல. வீட்டுக்குப் போங்க."

அவன் இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினான்.

"நேத்து மத்தியானம் எனக்கு ஒரு ஆள் ஏணியைப் பிடிச்சான். ஒல்லியா, ஏப்ரன் கட்டிக்கிட்டு. அவன்தானா?"

"ஆமா."

"பேர் என்ன?"

"ஸ்தோயன்."

"நான் கேக்கவே இல்ல," என்றான் எவெர்ட். "நன்றிகூடச் சொல்லல. இப்ப என்னடான்னா பைத்தியம் மாதிரி சிரிச்சிட்டு நிக்கிறேன். சீ!"

சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.