கயிறு எத்தனை முழம்?

கஜானியின் அப்பா கோகுலன் கணக்கு வாத்தியார். எதற்கும் புள்ளி போடாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. ஒருநாள் அம்மா வைத்த தேங்காய்ப்பால் சொதிக்குப் பத்துக்கு ஐந்து போட்டார். அன்று அவருக்குத் தொட்டுக்கொள்ள எதுவுமில்லாமல் வெறும் பாண்தான் கிடைத்தது.

அவர்கள் இருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் கனடாவிலிருந்து திரும்பி வருகிறார். புரட்டாதி முடிவதற்குள் வேறு வீடு போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் நல்லூரில் ஒரு வீடு இருந்தது, பக்கத்திலேயே அரியாலையில் இன்னொன்று. அப்பா கொப்பி ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம் நல்லூர், வலப்பக்கம் அரியாலை. பள்ளிக்கூடம், கடை, பஸ், முற்றம், கிணறு என்று ஐந்து வரிகள் எழுதினார்.

"இண்டைக்கு ரெண்டையும் பாத்திட்டு ஒண்டுக்குச் சொல்லிப்போடுவம்" என்றார்.

"அப்பா, இன்னொரு வரியும் எழுதுறியளோ?" என்று கேட்டாள் கஜானி.

"என்ன வரி?"

கஜானி வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். "ஒண்டுமில்லை" என்றாள்.

அவள் சொல்ல வந்தது 'வெள்ளம்'. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னாலே அது வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

போன கார்த்திகையில் இதே வீட்டில் ஒரு விடியற்காலை அவள் கட்டிலிலிருந்து காலை இறக்கினாள். நிலத்தைக் காணவில்லை. கால் முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீருக்குள் போனது. அவளுடைய புத்தகப் பை கதவடியில் மிதந்துகொண்டிருந்தது. மூன்று வயதுத் தம்பி லக்ஷனைக் குளிக்கிற பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள் இருத்தி, அப்பா தெருவழியே தள்ளிக்கொண்டு போனார். லக்ஷன் கைதட்டிச் சிரித்தான். கஜானி அம்மாவின் சட்டையைப் பிடித்தபடி அழுதுகொண்டே போனாள்.

அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டால் போதும், யாருக்கும் தெரியாமல் புத்தகப் பையை அலுமாரிக்கு மேல் தூக்கி வைப்பாள்.

நால்வரும் முதலில் நல்லூருக்குப் போனார்கள். வீடு சின்னது. பக்கத்தில் அரிசி ஆலை கடகடவென்று இரைந்தது. முற்றத்தில் இரண்டு எட்டு வைத்தால் மதில் வந்துவிடும்.

"ஒரு வாளி அள்ளு பிள்ளை, தண்ணியைக் குடிச்சுப் பாப்பம்" என்றார் அம்மா. எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா முதலில் கிணற்றடிக்குத்தான் போவார்.

கஜானி வாளியை இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. எட்டு முழம் போன பிறகுதான் வாளி தண்ணீரைத் தொட்டது. இழுத்து முடிப்பதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனால் அள்ளி அள்ளிக் கை கழண்டுபோம்" என்றார் அம்மா. அப்பா கிணற்றுக்கு நாலு புள்ளி போட்டார்.

அடுத்தது அரியாலை. சாவிக்கொத்தோடு காத்திருந்தவர் நீக்கிலாப்பிள்ளை. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்பவர். கேற்றைத் திறந்ததும் லக்ஷன், "மாமரம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அகன்ற முற்றம், புதுச் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர், பெரிய அறைகள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

வானம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. கஜானி அண்ணாந்து பார்த்தாள்.

கிணற்றடியில் வாளியை விட்டாள். கயிறு ஒன்றரை முழம்கூடப் போகவில்லை, வாளி 'தொபுக்' என்று தண்ணீரில் விழுந்தது.

"பாத்தியே, கைக்கெட்டினாப்போலை தண்ணி! கோடையிலும் வத்தாது" என்றார் நீக்கிலாப்பிள்ளை. அம்மா ஒரு மிடறு குடித்து, "இளநி மாதிரி" என்றார். அப்பா பத்துக்குப் பத்துப் போட்டார். சொதிக்குக்கூட அவர் பத்துப் போட்டதில்லை.

கஜானி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். இந்தத் 'தொபுக்' சத்தம் அவளுக்குப் பழக்கமானது. இப்போதிருக்கும் வீட்டுக் கிணற்றிலும் வாளி இப்படித்தான் உடனே விழும். மழையே இல்லாத நாளில் தண்ணீர் இவ்வளவு மேலே நின்றால், மாரி மழைக்கு அது எங்கே போய் நிற்கும்?

ஆனால் புதுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் எதுவும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்களோ? அவள் மதிலுக்கு மேலால் எட்டிப் பக்கத்து வளவைப் பார்த்தாள். அங்கே ஒரு கோழிக்கூடு, சீமெந்துக் கற்களுக்கு மேல் கற்களாக அடுக்கி, அவளுடைய நெஞ்சளவு உயரத்தில் நின்றது. கோழிகள் ஏறுவதற்கு ஒரு பலகை ஏணி வேறு. தண்ணீர் மோட்டாரும் சுவரில் அதே உயரத்தில் இருந்தது.

கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கஜானி கேட்டாள்.

"அன்ரி, கோழிக்கூடு ஏன் இவ்வளவு உயரத்திலை?"

"மாரியிலை கோழிக்கு நீந்தத் தெரியாதெல்லோ, பிள்ளை!" அவர் சிரித்தார்.

கஜானிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் மழைத்துளி அவள் கையில் விழுந்தது. முன்பக்கத்தில் அப்பாவின் குரல் கேட்டது: "சரி, அப்ப இந்த வீட்டையே எடுப்பம்."

கஜானி ஓடினாள். நீக்கிலாப்பிள்ளை சாவியை நீட்ட, அப்பா கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வேண்டாம்!" என்று கத்தினாள். "இஞ்சை... இஞ்சை வெள்ளம் வரும்!"

சொல்லிவிட்டாள். இடி எதுவும் விழவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"கயிறு ஒண்டரை முழம்தான் போச்சு. எங்கடை வீட்டுக் கிணறும் இப்பிடித்தானே, அப்பா? பக்கத்து வீட்டிலை கோழிக்கூடுகூட என்ரை நெஞ்சளவுக்கு நிக்குது. எனக்குப் பயமா இருக்கு."

அப்பா நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தார். "உண்மையோ, ஐயா?"

நீக்கிலாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "முழங்காலளவுதான் வரும். மூண்டு நாளிலை வடிஞ்சுபோம். நீங்கள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மாமரத்தடியில் போய்க் கொப்பியை விரித்து, கிணற்றுக்குப் போட்ட பத்தை வெட்டினார். ஆறாவது வரியாக 'வெள்ளம்' என்று எழுதினார்.

"உந்த வரியைத்தானே காலமை எழுதச் சொல்ல வந்தனி?"

"ஓம்."

"எனக்கும் அந்த நினைப்பு வந்தது. அதை எழுதவே எனக்குப் பயம்" என்றார் அப்பா மெதுவாக. கஜானி வியப்போடு அவரைப் பார்த்தாள். அப்பாவும் பயப்படுவார் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அந்த மாத முடிவில் அவர்கள் நல்லூருக்குப் போனார்கள். மாமரம் இல்லை என்று லக்ஷன் இரண்டு நாள் அழுதான்.

கார்த்திகை வந்தது. மூன்று நாள் விடாமல் மழை. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். கஜானி புத்தகப் பையை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தாள். மணிக்கொரு தடவை அப்பாவும் அவளும் ஒரே குடைக்குள் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார்கள். ஆறு முழம், ஐந்து முழம், நாலு முழம். நாலாவது நாள் மழை ஓய்ந்தது. நாலு முழத்துக்கு மேல் தண்ணீர் ஏறவேயில்லை.

உள்ளே வந்தபோது, லக்ஷன் குளிக்கிற பேசினுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, வெள்ளம் வரேல்லையோ?" என்று உதட்டைப் பிதுக்கினான்.

கஜானி அலுமாரிக்கு மேலிருந்து புத்தகப் பையை எடுத்து நிலத்தில் வைத்தாள். பிறகு குனிந்து, காய்ந்த தரையில் பேசினைச் சுவருக்குச் சுவர் தள்ளினாள். தம்பி கைதட்டிச் சிரித்தான். இந்தத் தடவை அவளும் சிரித்தாள்.